மாமாவின் நாலு மணி பிஸ்கட்

நாலு மணி ஆனால் மாமாவுக்குக் காபியோடு கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்து ஓய்வு பெற்றவர். காட்டைச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் காபி, இரண்டு மசாலா பிஸ்கட். முப்பது வருஷப் பழக்கம். போன சித்திரையில் சர்க்கரை நோய்ப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 சதவீதம் என்று வந்ததும் டாக்டர் பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னார். காபியில் சர்க்கரையை மாமா அன்றைக்கே விட்டுவிட்டார். பிஸ்கட்டை விட முடியவில்லை. அத்தை போனில் சொன்னது இதுதான்: "கண்ணு, உங்க மாமா காபியக் கையில வெச்சுக்கிட்டு டப்பாவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

வீட்டில் ஓவன் இருக்கிறது, கேக் பிஸ்கட் எல்லாம் நாலைந்து வருஷமாகச் செய்கிறேன். நானே செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அது சரியாக வர ஏழெட்டு மாதம் ஆனது.

முதல் தடவை எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மைதாவுக்குப் பதில் கேழ்வரகு மாவும் கொஞ்சம் கோதுமை மாவும், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் அதே 120 கிராம் நாட்டுச் சர்க்கரை. வாசனை பிரமாதம். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து டப்பாவோடு மலை ஏறினேன். "கேழ்வரகுதானே, உடம்புக்கு நல்லதுதானே" என்று மாமா நாலு சாப்பிட்டார். சாப்பிடும் முன் ரத்தச் சர்க்கரை மீட்டரில் 138. இரண்டு மணி நேரம் கழித்து 221.

அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. தப்பு என்னுடையதுதான். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கலாம், ரத்தத்தில் ஏறுகிற கணக்கு பெரிதாக மாறாது. கேழ்வரகும் அப்படித்தான். நார்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் உண்டு. ஆனாலும் 100 கிராம் மாவில் 70 கிராமுக்குப் பக்கமாக மாவுச்சத்து. நைசாக அரைத்த மாவு வயிற்றில் சீக்கிரம் கரைந்துவிடும்.

அன்று இரவு கீழே இறங்கி வந்ததும் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நான் வழக்கமாகச் செய்கிற பிஸ்கட்டில் மைதா 220 கிராம், சர்க்கரை 120 கிராம், 24 உருப்படி வரும். மைதாவில் மாவுச்சத்து ஏறக்குறைய 165, சர்க்கரை 120. ஆக 285. ஒரு பிஸ்கட்டுக்கு இரண்டும் சேர்ந்து 12 கிராம். இதில் சர்க்கரையை மொத்தமாகத் தூக்கிப் போட்டாலும் மாவிலிருந்து மட்டும் 7 கிராம் மிச்சம் நிற்கிறது. சர்க்கரையை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தால் பாதி வேலைகூட ஆகாது, மாவையும் குறைத்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கடையில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்கிற பிஸ்கட் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பெயர் மைதா, அடுத்தது மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு. மால்டிட்டாலும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது தடவை சர்க்கரையே வேண்டாம் என்று முழுக்க எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பைப் போட்டேன். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடையில் கிடைத்தது. பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும், இனிப்பு அதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம் குறைவு, ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஓவனில் வைத்துவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். உருட்டி வைத்த உருண்டை உருண்டையாகவே நின்றது. பரவவும் இல்லை, நிறம் மாறவும் இல்லை. பதினெட்டு நிமிஷம் ஆகியும் வேகாத கொழுக்கட்டை மாதிரி வெளிறிக் கிடந்தது. எடுத்துக் கடித்தால் நடுவில் ரொட்டி மாதிரி. நாக்கில் கற்பூரம் பட்டதுபோல ஒரு குளிர்ச்சி வேறு. எரித்ரிட்டால் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும், அந்தக் குளிர்ச்சி அதனால் வருவது. சூடான காபியோடு அது சேரவே இல்லை. மறுநாள் அதே பிஸ்கட் மணல் கடித்த மாதிரி நறநறத்தது, கரைந்தது ஆறியதும் மறுபடி படிகமாகிவிட்டது. மீட்டர் கணக்கு என்னவோ நல்லபடிதான்: 129 இருந்தது 163 ஆனது. ஆனால் மாமா ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றார். மாமா அப்படிச் சொன்னால் நன்றாக இல்லை என்று அர்த்தம்.

பிஸ்கட்டில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை என்பதை இந்த இரண்டாவது தோல்விதான் கையில் பிடித்துக் காட்டியது. ஓவன் சூட்டில் உருகி மாவைப் பரவவைப்பது அது. சிவக்கவைத்து, அந்தக் கருகல் விளிம்பு வாசனையைக் கொடுப்பதும் அது. தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கோதுமையின் பசை இறுகாமல் தடுக்கிறது, ஆறும்போது கெட்டியாகி மொறுமொறுப்பும் தருகிறது. சர்க்கரையை எடுத்தால் இந்த நாலு வேலைக்கும் நாலு ஆள் தேட வேண்டும். ஓர் ஆளே எல்லாவற்றையும் செய்ய மாட்டார்.

ஒவ்வொன்றாகத் தேடினேன். பரவுவதற்கு வேறு வழி எதுவும் தேவைப்படவில்லை, கையால் தட்டிவிட்டால் போதும். எவர்சில்வர் டம்ளரின் அடியில் கொஞ்சம் வெண்ணெய் தடவி, உருண்டையை அரை விரல் கனத்துக்கு அழுத்தினேன். ஓவனில் தானாகப் பரவாது என்பதால் எந்த வடிவில் வைக்கிறோமோ அந்த வடிவிலேயே வெந்து வரும். பசை இறுகாமல் இருக்கக் கோதுமை மாவைப் பாதிக்கும் கீழே குறைத்து, பாதாம் பொடியும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் சேர்த்தேன். மாவுச்சத்துக் கணக்கும் அதிலேயே சரியானது. வேர்க்கடலையை வறுத்து, தோல் ஊதி, நன்றாக ஆறவைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டை பிடித்துவிடும், அதற்கப்புறம் அது கடலை மிட்டாய்க்குத்தான் ஆகும்.

சிவப்புக்கும் வாசனைக்கும்தான் ரொம்ப நாள் யோசித்தேன். விடை வீட்டிலேயே இருந்தது. வெண்ணெய் காய்ச்சும்போது கடைசியில் முருங்கைக் கீரை போடுகிற பதம் இருக்கிறதே, அடியில் கசடு பொன்னிறமாகி வீடெல்லாம் மணக்கும், அந்த இடத்தில் அடுப்பை அணைத்தேன். கீரை போடவில்லை. வடிகட்டவும் இல்லை, கசடோடு சேர்த்தே எடுத்தேன். சர்க்கரை கருகினால் வருகிற வாசனைக்கு அடுத்தபடியாக இருப்பது அந்தப் பால் கசடின் வாசனைதான். அந்தச் சூட்டிலேயே மசாலாவைப் போட்டுக் கிளறினேன். பட்டை, கிராம்பின் மணமெல்லாம் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், காய்ச்சும்போது அது போய்விடும். 95 கிராம் எடுத்தால் 80 கிராம் கிடைக்கும். நிறத்துக்கு ஒரு கை பால் பவுடரும் சேர்த்தேன்.

மொறுமொறுப்புக்கு மாற்று எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் நிஜச் சர்க்கரை இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். நாட்டுச் சர்க்கரை 25 கிராம், எரித்ரிட்டால் 25 கிராம். எரித்ரிட்டாலை மிக்ஸியில் மாவாகப் பொடித்துச் சேர்த்தால் நறநறப்பு போய்விடுகிறது, இவ்வளவு குறைந்த அளவில் அந்தக் குளிர்ச்சியும் தெரிவதில்லை. அதிகம் போடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் எழுபதைத் தாண்டிய மனிதருக்குத் தினமும் கொடுக்கப் போகிறேன், பிஸ்கட்டுக்கு ஒரு கிராமோடு நிறுத்திக்கொண்டேன்.

மசாலா விஷயத்தில் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நடை போனது வீண் போகவில்லை. பிரியாணிக்குப் போடுகிற பட்டை கெட்டியாக, ஒரே சுருளாக, மரப்பட்டை மாதிரியே இருக்கும். எனக்கு வேண்டியது இலங்கைச் சுருள் பட்டை. சுருட்டுக்குள் சுருட்டாக மெல்லிசாக இருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கெட்டிப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது பிரியாணிக்குப் போடுவதில் ஒன்றுமில்லை. மாமாவுடையது தினப்படி கணக்கு, அதனால் விலை பார்க்காமல் சுருள் பட்டையே வாங்கினேன். பட்டை சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று பலர் சொல்கிறார்கள். ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லை, நான் அதை நம்பிச் சேர்க்கவும் இல்லை. பட்டையும் ஏலக்காயும் மூக்குக்கு இனிப்பை நினைவூட்டுகிற வாசனைகள். பாயசத்தில் ஏலக்காய் மணந்தாலே பாதி இனிப்பு வந்த மாதிரி இருக்கும் இல்லையா, அந்த வேலைக்குத்தான் இவை. சிட்டிகை உப்பும் பாயசத்துக்குப் போடுகிற அதே காரணத்துக்குத்தான். மிளகு மாமா வீட்டிலேயே இருக்கிறது, சில்வர் ஓக் மரமெல்லாம் கொடி ஏறிக் கிடக்கும்.

மூன்றாவது முறையில் நிலைத்த அளவைச் சொல்கிறேன். சலித்த கோதுமை மாவு 100 கிராம், பாதாம் பொடி 60, வேர்க்கடலைப் பொடி 60, பால் பவுடர் 10, நாட்டுச் சர்க்கரை 25, பொடித்த எரித்ரிட்டால் 25, காய்ச்சிய வெண்ணெய் 80, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். சுருள் பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், சுக்குப் பொடி ஒரு டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை, மிளகு கால், கிராம்பு நாலு இடித்தது, ஜாதிக்காய் இரண்டு இழுப்பு. ஆரஞ்சு கிடைக்கிற காலமாக இருந்தால் ஒரு பழத்தின் மேல்தோலைத் துருவிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி வந்துவிடக் கூடாது, கசக்கும். புரட்டாசியில் அத்தை வீட்டில் முட்டை கிடையாது, அப்போது ஒரு மேசைக்கரண்டி கெட்டித் தயிர். கொஞ்சம் மெத்தென்று வரும், மோசமில்லை. மாவு சேர்ந்து வர ஒரு மேசைக்கரண்டி பால் போதும். பிசைய வேண்டாம், கூட்டிப் பிடித்தால் சரி. வைகாசி வெயிலில் அம்மாபேட்டையில் என் சமையலறையில் மாவு நெய்யாக உருகி ஓடியது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் உருட்ட முடிந்தது. 24 உருண்டை, ஒவ்வொன்றும் 16 கிராம், தராசில் நிறுத்து. 160 டிகிரியில் 15 நிமிஷம்.

160 டிகிரி என்றால் நிஜமாகவே 160 இருக்க வேண்டும். என் ஓவனில் சூட்டைத் திருப்பி வைக்கிற குமிழை நம்பி ஏமாந்த பிறகு முந்நூறு ரூபாய்க்குள் ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். குமிழ் 170 காட்டும்போது உள்ளே 148. சர்க்கரை அதிகமுள்ள பிஸ்கட் இதைப் பொறுத்துக்கொள்ளும். சர்க்கரை குறைந்தது பொறுக்காது, சிவக்காமல் காய்ந்துபோய்விடும்.

இந்தக் கணக்கில் ஒரு பிஸ்கட்டுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து சுமார் 5 கிராம், அதில் சேர்த்த சர்க்கரை ஒரு கிராமுக்குச் சற்றே கூட. இரண்டு சாப்பிட்டால் 10 கிராம். பழையதில் ஒன்றே 12. கலோரி மட்டும் பெரிதாகக் குறையவில்லை, ஒன்று 80 பக்கம் வரும். பாதாமும் வெண்ணெயும் சும்மா வருமா? டாக்டரிடம் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, நாள் ஒன்றுக்கு இரண்டு, அதையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்.

அப்புறம் அளக்கிற வேலை. மாமா ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டார். ஆயுசு முழுக்கத் தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவேடான செக்ரோல் எழுதின கை, தேதி, நேரம், மதியம் என்ன சாப்பாடு, எத்தனை பிஸ்கட், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பினார். முதல் நாள் 134, இரண்டு மணி நேரம் கழித்து 158. மறுநாள் 127, 160. மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தை பதறிப்போய் போன் செய்தார். 243.

எனக்குக் கை கால் ஓடவில்லை. எத்தனை சாப்பிட்டார், மாத்திரை போட்டாரா, மதியம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் வழக்கம்போலத்தான். கடைசியில் மாமா போனை வாங்கி, "இப்பத்தான் பேரனுக்கு வெல்ல உருண்டை பிச்சுக் குடுத்தேன்" என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். 166. விரல் நுனியில் ஒட்டியிருந்த வெல்லத்தைத்தான் மீட்டர் அளந்திருக்கிறது. அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத துளி இனிப்பு கலந்தாலும் போதும். வீட்டில் மீட்டர் வைத்திருக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அந்த 243-ஐ நம்பி யாராவது கூடுதல் மாத்திரையோ இன்சுலினோ போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. இன்னொன்று, சரியாக அளந்தாலும் மீட்டர் நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே காட்டலாம். பத்துப் புள்ளி ஏறி இறங்குவதை வைத்து பிஸ்கட்டை மெச்சவோ திட்டவோ கூடாது. சாப்பிட்ட பின் 180-ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று மட்டும் வாரக் கணக்கில் பார்த்தோம். தாண்டவில்லை.

சர்க்கரை இறங்கிப்போய் படபடப்பு, வியர்வை என்று வந்தால் இந்த பிஸ்கட் உதவாது. கொழுப்பும் நாரும் அதிகம், மெதுவாகத்தான் ஏறும். மாமா போடுகிற மாத்திரை ஒன்றுக்குச் சர்க்கரையை அப்படி இறக்கிவிடுகிற குணம் உண்டு. 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், பதினைந்து நிமிஷத்தில் மறுபடி அளக்க வேண்டும். பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் பொடியும் வைத்து, அத்தையிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கார்த்திகையில் என் பழைய ஓவனை மலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வாராவாரம் இருபது கொண்டை ஊசி ஏறி டப்பா கொடுப்பதைவிட அத்தையே சுட்டால் நல்லது. அதே ஓவன், அதே தெர்மாமீட்டர், அதே தராசு, அதே அளவு. சரியாகத்தான் வரும் என்று நினைத்தேன். வெளியே எடுத்தால் ஒவ்வொன்றும் உப்பி, நடுவில் வெடித்து, தொட்டால் மணலாக உதிர்ந்தது.

அத்தை மாவைக் குறை சொன்னார். மாவு அதேதான். மாறினது இடம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு சுமார் 1,500. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோடாவிலிருந்து வருகிற வாயு அதிகமாக விரியும், மாவிலிருக்கிற ஈரம் சீக்கிரம் ஆவியாகும். அத்தைக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "பருப்பு குக்கர் இல்லாம இங்க வேகவே வேகாதே, அந்தச் சங்கதிதானே?" என்றார். அதேதான். சோடாவைப் பாதியாக்கினோம். பால் ஒரு மேசைக்கரண்டி கூட்டினோம். சூட்டைப் பத்து டிகிரி ஏற்றி 170 வைத்து 13 நிமிஷத்தில் எடுத்தோம். இரண்டாவது தட்டு விளிம்பு சிவந்து, நடுவில் வெடிப்பில்லாமல் வந்தது. ஒன்று நல்லது, அந்தக் குளிரில் மாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய வேலையே இல்லை. காய்ச்சிய வெண்ணெய் கிண்ணத்திலேயே உறைந்து நின்றது.

ஆறவைத்த ஒன்றை எடுத்து மாமா இரண்டாக உடைத்தார். டக்கென்று சத்தம் வந்தது. ஒரு பாதியைக் காபியில் முக்கி, கரைந்து விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே எடுத்தார். விழவில்லை. வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிளகு நம்ம காட்டுதா?" என்று கேட்டார். ஆமாங்க மாமா என்றேன். தலையை ஆட்டிவிட்டு மீதிப் பாதியையும் முக்கினார்.

தை மாதம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி 7.6. மாத்திரையை மாற்றினார்கள், தினமும் நடக்கிறார், ராத்திரி சோறு குறைந்திருக்கிறது, எல்லாம் சேர்ந்து வந்த எண் அது. அதற்குள் இந்த இரண்டு பிஸ்கட்டுக்கும் இடம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

இப்போது பாக்கி இருப்பது மூடுபனி. டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் நமுத்துப்போகிறது. பிளாஸ்டிக் டப்பாவை விட்டு, இறுக மூடுகிற எவர்சில்வர் தூக்கில் போட்டு, அடியில் வறுத்த அரிசியை ஒரு துணி முடிச்சில் கட்டி வைத்தோம். ஐந்து நாள் தாங்குகிறது. அதற்கு மேல் நமுத்தால் 120 டிகிரியில் ஐந்து நிமிஷம் காட்டி ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுக்கிறது. போன ஞாயிறு அத்தை அதைச் செய்துவிட்டு போன் பண்ணினார். பின்னாலிருந்து மாமா குரல் கேட்டது, "சூடு பண்ணினது கணக்குல சேருமா?" அத்தை எனக்குப் பதில் அவரிடமே சொன்னார், "ரெண்டு ரெண்டுதானுங்க. நோட்டுல எழுதுங்க."